பழைய அம்பாசடர், பத்மினி கார்களில் ஹீட்டர் சூடு பத்தலையா? வேலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட அம்பாசடரையும் 1089 சி.சி. பிரீமியர் பத்மினியையும் மனதில் வைத்து எழுதியது இது. இசுசு எஞ்சின் போட்ட அம்பாசடருக்கும் சோதிக்கும் முறை இதேதான். பாகங்கள் இருக்கும் இடம்தான் மாறும். ஹீட்டர் இல்லாமலே வந்த வண்டிகளும் நிறைய உண்டு. முதலில் டேஷ்போர்டுக்குக் கீழே ஹீட்டர் பெட்டி இருக்கிறதா, எஞ்சின் பக்கத்திலிருந்து இரண்டு ரப்பர் ஹோஸ் அதற்குள் போகிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

வேலூர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் முன்கண்ணாடி மங்கிவிடும். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவதை விட, வெங்காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிவிடுவதுதான் பாதுகாப்பு. மார்கழி விடியலில் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் போகிறவர்களுக்கும், ஏற்காடு, ஊட்டி போகிறவர்களுக்கும் விளக்கம் தேவையில்லை.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். ஹீட்டருக்குள் ஓடுவது எஞ்சினைக் குளிர்விக்கும் அதே தண்ணீர்தான். ஹீட்டர் பெட்டிக்குள் குட்டி ரேடியேட்டர் போல இருக்கும் ஹீட்டர் கோரின் குழாய்கள் குறுகலானவை. அவற்றில் ஓட்டமும் மெதுவானது. அதனால் உப்பும் துருவும் முதலில் அடைப்பது அங்கேதான். தை மாதத்தில் ஹீட்டர் மந்தமாக இருந்ததைக் கண்டுகொள்ளாமல் விட்ட வண்டி, சித்திரையில் கிரீன் சர்க்கிள் டிராஃபிக்கில் ஆவி விட்டு நின்றால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

எதையும் கழற்ற வேண்டாம். ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் சரியா என்று எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். பிறகு ஹீட்டருக்குத் தண்ணீரை விடும் ஹீட்டர் வால்வை முழுக்கத் திறந்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை, துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் போகக் கூடாது.

இரண்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால் தண்ணீர் ஓட்டத்தில் குறை இல்லை; காற்றுப் பக்கத்தில்தான் கோளாறு. போகும் ஹோஸ் கொதித்து, வரும் ஹோஸ் ஜில்லென்று இருந்தால் கோர் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. இரண்டும் ஜில்லென்று இருந்தால் வால்வு திறக்கவில்லை அல்லது அதன் வாயே அடைத்துவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்து, டெம்பரேச்சர் முள்ளும் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள். துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை: ப்ளோயர், அதாவது ஹீட்டர் ஃபேன், ஓடும்போது போகும் ஹோஸ் 80 டிகிரி, வரும் ஹோஸ் 65 முதல் 70 என்றால் கோர் ஆரோக்கியமாக இருக்கிறது.

"இங்க அடிக்கிற வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்" என்று மெக்கானிக் கழற்றிவிட்டார். சரியா?

சரியில்லை. நம் பக்கத்து வண்டிகளில் ஹீட்டர் செத்துக் கிடப்பதற்கு அதிகம் காண்கிற காரணமே இதுதான்.

தெர்மோஸ்டாட் தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும். 82 டிகிரி வகை என்றால் அந்தச் சூட்டில் திறக்க ஆரம்பித்து, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறும்போது முழுக்கத் திறந்துவிடும். மே மாதத்து 42 டிகிரி வெயிலில், ஏறுமுகத்தில், அது ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். அப்போதும் எஞ்சின் கொதிக்கிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த பெல்ட், தேய்ந்த வாட்டர் பம்ப், தப்பான இக்னிஷன் டைமிங் என்று வேறு குற்றவாளியைத் தேட வேண்டும். அதைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் கொதிப்பது கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கழற்றியதற்கு விலை மற்ற மாதங்களில் கொடுக்க வேண்டியிருக்கும். ஹைவேயில் தண்ணீர் 55, 60 டிகிரிக்கு மேல் ஏறாது. சோக் அதிக நேரம் தேவைப்படும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும், சிலிண்டரின் உள்சுவர் சீக்கிரம் தேயும். ஹீட்டரில் வெங்காற்றுக்குப் பதில் வெறும் காற்றுதான் வரும்.

தெர்மோஸ்டாட் இல்லாததுதான் காரணமா என்று உறுதிசெய்ய ஒரு வழி: காலை நேரத்தில் ரேடியேட்டர் முகப்பில் பாதியை அட்டையால் மறைத்து ஓட்டுங்கள். முள் ஏறி ஹீட்டரும் சுட ஆரம்பித்தால் விடை கிடைத்துவிட்டது. கண் முள் மேலேயே இருக்கட்டும். சோதனை முடிந்ததும் அட்டையை எடுத்துவிடுங்கள்.

புதுத் தெர்மோஸ்டாட்டைச் சோதித்துவிட்டுத்தான் போட வேண்டுமா?

ஆமாம், பெட்டியைப் பிரித்த அன்றே. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். 80-லிருந்து 84-க்குள் வாய் பிளக்கத் தொடங்க வேண்டும்; தண்ணீர் கொதிக்கும்போது நன்றாகத் திறந்து, எடுத்து வைத்தால் மறுபடி இறுக மூட வேண்டும். பாதியில் நின்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அம்பாசடரில் இது சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்தில், மேல் ஹோஸ் மாட்டும் எல்போ என்ற வளைவுக் குழாய்க்கு அடியில் உட்காரும். எல்போ அலுமினியம், ஸ்டட்கள் இரும்பு. பல வருடம் சேர்ந்து இருந்து இறுகிப்போயிருக்கும். உளி வைத்து நெம்பினால் எல்போ விரிசல் விடும், ஸ்டட் முறியும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் முன்பிருந்தே விட்டு ஊறவையுங்கள். மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியது போடுங்கள். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஆடும் சிறிய பின் இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும்; உள்ளே மாட்டும் காற்று வெளியேற அதுதான் வழி. பின் இல்லாத வகை என்றால் விளிம்பில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. பாலாறு வறண்டு கிடக்கும் நம் மாவட்டத்தில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதை வீட்டு வாட்டர் ஹீட்டரின் காயிலைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்த இடங்களில் நிலைமை இன்னும் மோசம். கால்சியம் உப்பு சூட்டில் பிரிந்து குழாய்ச் சுவரில் கல்லாகப் படியும். குளோரைடு உப்பு உலோகத்தையே அரிக்கும். ஆவியான தண்ணீருக்குப் பதில் திரும்பத் திரும்ப அதையே ஊற்றும்போது, தண்ணீர் போய்விடும், உப்பு மட்டும் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும்.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. வழியில் அவசரம் என்றால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். வீடு வந்ததும் வடித்துவிட்டு நல்லதை நிரப்புங்கள்.

அடைத்துப் போன ஹீட்டர் கோரை எப்படிச் சுத்தம் செய்வது?

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு தண்ணீரை வடியுங்கள். ரேடியேட்டர் அடித்திருகோடு நிறுத்தாமல், எஞ்சின் பிளாக்கில் இருக்கும் வடிகுழாயையும் திறக்க வேண்டும். திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் வாயில் சேறு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியால் குத்திவிட்டால் காப்பி நிறத்தில் கொட்டும்.

இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கழற்றுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கி இழுக்காதீர்கள். கோரின் குழாய் மெல்லிய பித்தளை. ஈயப் பற்று வாயிலேயே விட்டுப்போகும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள், ஹோஸ் மலிவு.

இப்போது தண்ணீர் திரும்பி வரும் குழாய் வழியாகத் தோட்டக் குழாயால் தண்ணீர் விடுங்கள், அதாவது வழக்கமான ஓட்டத்துக்கு எதிராக. உள்ளே போன வழியிலேயே அடைப்பு தள்ளப்பட்டு வெளியே வரும். மறுமுனையில் வெள்ளைத் துணியைக் கட்டிப் பிடித்தால் என்ன வருகிறது என்று தெரியும். துருத் துகள் என்றால் எஞ்சின் பிளாக் அரிக்கிறது. வெள்ளைச் செதில் என்றால் தண்ணீர் உப்பு. மஞ்சள் களி என்றால் அடுத்த கேள்வியைப் பாருங்கள். குழாய் அழுத்தம் மிதமாக இருக்கட்டும். வாட்டர் சர்வீஸ் கடைப் பீச்சுக்குழாயும் பஞ்சர் கடைக் காற்றும் பழைய பற்றைப் பிளந்துவிடும்.

தண்ணீருக்கு அசையாவிட்டால் கோரைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கரைத்த சுடுநீரை நிரப்பி அரை மணி நேரம் வையுங்கள். உப்பு நுரைத்துக் கரையும். கொட்டிவிட்டு, ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். அதன்பின் ரேடியேட்டர் கடையில் கொடுத்துத் தொட்டியில் அமிழ்த்தி, 7 முதல் 10 பி.எஸ்.ஐ அழுத்தக் காற்றில் கசிவு பார்த்துவிட்டே மாட்டுங்கள். இதுவரை அந்த உப்பே ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கலாம். கழற்றாமல் மாட்டிய வண்டியில் ஆசிட் ஊற்றும் வேலை அம்பாசடரின் வார்ப்பிரும்பு எஞ்சினுக்கே யோசித்துச் செய்ய வேண்டியது. பத்மினியின் ஹெட் அலுமினியம். அதில் வேண்டவே வேண்டாம்.

ரேடியேட்டர் கசிந்தபோது மஞ்சள் தூள் போட்டார்கள். அதனாலா?

பெரும்பாலும் அதனால்தான். நடுவழியில் ஊர் வந்து சேர மஞ்சள் தூள் உதவும், மறுக்கவில்லை. ஆனால் மஞ்சளோ கடையில் விற்கும் கசிவு அடைப்பானோ, இது ஓட்டை, இது குழாய் என்று பார்த்து அடைக்காது. ஓட்டம் மெதுவாக உள்ள குறுகிய இடத்தில் போய்த் தங்கும். அந்த இடம் ஹீட்டர் கோர். போட்டே ஆக வேண்டும் என்றால் ஹீட்டர் வால்வை முதலில் மூடுங்கள். ஊர் வந்ததும் கசிவைப் பற்றவைத்து, மொத்தத் தண்ணீரையும் மாற்றுங்கள்.

இதே வரிசையில் வைக்க வேண்டிய இன்னொரு பழக்கம், துரு பிடிக்காமல் இருக்க லேத் பட்டறைக் கட்டிங் ஆயிலை ரேடியேட்டரில் கலப்பது. ரப்பர் ஹோஸ் உப்பி, உள்தோல் உரிந்து, அந்தத் தோலே ஓட்டத்தை மறிக்கும். ஹோஸை அழுத்தினால் கொழகொழவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஹீட்டர் வால்வு திரும்பவே இல்லை. பிளையர் வைத்துத் திருப்பலாமா?

வேண்டாம், உடையும். வருடம் முழுக்க மூடியே வைத்த வால்வு உப்பில் இறுகியிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு வால்வையே கழற்றுங்கள். அம்பாசடர் எஞ்சினில் அது ஹெட்டின் பின்பகுதியில் கேஸ்கெட்டோடு உட்கார்ந்திருக்கும். கழற்றியதும் வால்வை மட்டும் பார்க்காமல் ஹெட்டில் உள்ள துளையையும் பாருங்கள். பல வண்டிகளில் வால்வு நன்றாகவே இருக்கும். அதன் பின்னால் அந்தத் துளைதான் துருச் சேற்றால் சிமெண்ட் பூசியது போல அடைத்திருக்கும். பழைய ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுங்கள். வால்வு திறந்த நிலையில் வாயால் ஊதினால் தடையில்லாமல் போக வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறையாவது திறந்து மூடுங்கள், வெயில் காலத்திலும்.

தண்ணீர் மாற்றியதிலிருந்து ஹீட்டர் ஜில்லென்று ஆகிவிட்டது. ஏன்?

ஏர்லாக். ஹீட்டர் கோர் உயரத்தில் இருப்பதால் நிரப்பும்போது காற்று அங்கே சிக்கிக்கொள்ளும். வண்டியின் முகம் மேலே பார்க்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, ரேடியேட்டரில் மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரிலிருந்து திரும்பும் ஹோஸின் உயரமான முனையைத் தளர்த்தி, காற்று போய்த் தண்ணீர் வரும்வரை காத்திருந்து கிளிப்பை இறுக்குங்கள். மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழ் வந்து மட்டம் இறங்கும், மேலும் ஊற்றுங்கள். தண்ணீர் பொங்கத் தொடங்குவதற்குள் மூடியைப் போட்டுவிட வேண்டும். சூடான பிறகு மூடியைத் திறப்பது முகத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஆபத்து.

காற்றை எடுத்த பிறகும் வாரா வாரம் ஏர்லாக் ஆகிறதா? அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட். காலையில் ஆறிய எஞ்சினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பம்ப் சுற்றாதபோதும் குமிழ் தொடர்ந்து வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது.

ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சுடுகிறது, ஐடிலில் ஆறிவிடுகிறது.

தண்ணீர் மட்டம், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், இந்த வரிசையில் பாருங்கள். பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும். பெல்ட் சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால், பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தின் இதழ்களை உப்புத் தண்ணீர் தின்றிருக்கும்.

ஹோஸ் இரண்டும் கொதிக்கிறது, காற்றுதான் சூடாக வரவில்லை.

கோருக்கும் பெட்டிக்கும் இடையே சுற்றியுள்ள ஃபோம் பட்டை பொடியாகி உதிர்ந்திருக்கும். காற்று கோரின் இடுக்கு வழியாகப் போகாமல் ஓரமாக நழுவி ஜில்லென்றே வெளியே வரும். புது ஃபோம் பட்டை ஒட்டினால் போதும். இருப்பதிலேயே மலிவான ரிப்பேர் இது. கோரின் முகத்தில் தூசி, வேப்பஞ்சருகு, எலி இழுத்து வைத்த பஞ்சு எல்லாம் இருக்கும், பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பும் தகடு கேபிள் அறுந்து பாதியில் நிற்கிறதா, மேலே போகும் காகித டியூப் கழன்று கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

ப்ளோயர் மெதுவாகச் சுற்றுகிறது.

மோட்டாரைக் குறை சொல்லும் முன் அதன் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்து மோட்டாரில் 10 மட்டுமே வந்தால், சுவிட்ச், ஃபியூஸ் கிளிப், எர்த் மூன்றில் ஒன்று களிம்பேறியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். மோட்டாருக்குச் சரியான வோல்டேஜ் வந்தும் மெதுவாகச் சுற்றினால் கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர், உலர்ந்த புஷ் ஆகியவற்றைப் பாருங்கள்.

பாசிடிவ் எர்த்திலிருந்து நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய மிகப் பழைய வண்டியில், நிரந்தரக் காந்த மோட்டார் போட்டிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். உருளை வடிவ ஃபேன் எப்படிச் சுற்றினாலும் காற்றை ஒரே பக்கம்தான் தள்ளும், ஆனால் பலம் இருக்காது. மோட்டாரின் இரண்டு வயர்களையும் மாற்றிப் போடுங்கள்.

மலை ஏறும்போது எஞ்சின் சூடானால் ஹீட்டரைப் போடச் சொல்கிறார்களே, வேலை செய்யுமா?

செய்யும். ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தால், கண்ணாடிகளை இறக்கி, வால்வையும் ப்ளோயரையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். முள் நின்றால் மெதுவாக ஏறலாம். நிற்காவிட்டால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். அடைத்துப் போன ஹீட்டர் இந்த நேரத்தில் கைகொடுக்காது.

மலையில் ரேடியேட்டர் மூடியும் முக்கியம். சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியில் தண்ணீர் 96 டிகிரியிலும், 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலும் கொதித்துவிடும். மூடி தாங்கும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை டிகிரி உயர்த்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்து ரப்பர் வெடித்த மூடியில் அந்தப் பாதுகாப்பே இல்லை. அதற்காகப் புது மாருதி மூடி பொருந்துகிறதே என்று 13 பி.எஸ்.ஐ மூடியைப் போட்டால், முதலில் பிளப்பது பழைய ஹீட்டர் கோர். பழைய மூடியில் என்ன எண் பொறித்திருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

இடதுபக்கம் காலடி மேட் ஈரம், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், இனிப்பான வாசனை.

கோர் கசிகிறது. டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள்: பிசுபிசுப்பும் கூலன்ட் நிறமும் இருந்தால் உறுதி, வெறும் தண்ணீர் என்றால் வைப்பர் புஷ் வழியாக மழை இறங்குகிறது. கோர் கிடைக்கும்வரை இரண்டு ஹோஸ்களையும் ஹெட் பக்கமே ஒன்றோடொன்று இணைத்துவிட்டு வண்டியை ஓட்டலாம். ஆனால் கோருக்குள் நிற்கும் தண்ணீரை ஊதி வெளியேற்றிவிடுங்கள். பழைய தண்ணீர் உள்ளேயே கிடந்தால் அரிப்பு இன்னும் பெருகும்.

இங்கே பனி உறையாதே, கூலன்ட் எதற்கு?

துரு தடுப்புக்கு. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செப்பு, பித்தளை, ஈயப் பற்றுள்ள ரேடியேட்டருக்கு ஏற்றது என்று டின்னில் எழுதியிருக்க வேண்டும். தயாராகக் கலந்து விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டை என்ன செய்வது?

சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், அதை நக்கினால் தெருநாய் சிறுநீரகம் கெட்டுச் சாகக்கூடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. வடிக்கும்போதே அகலமான பேசினில் பிடித்து, கேனில் ஊற்றி இறுக மூடி, பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். ஆயிலோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், கலந்தால் இரண்டையும் வாங்க மாட்டார்கள்.